அனுப்பிவைத்த வீடு

என் வீட்டுக்காரர் ராஜ்மகால் மலைக்குப் போய்வரத் தொடங்கியபோது மகள் ஒன்றாம் வகுப்பு, மகன் கைக்குழந்தை. எண்பதுகளின் கடைசி. அந்த மலை அப்போது பீகாரில் இருந்தது. 2000-இல் ஜார்க்கண்ட் பிரிந்தபோது அதனோடு சேர்ந்தது. சாகிப்கஞ்ச், பாகூர், கொட்டா என்று பரந்து கிடக்கும் அந்தக் குன்றுகளில் மால்தோ மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் பேசுவது தமிழுக்கு உறவான ஒரு திராவிட மொழி. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் எட்டாத ஊர்களில் கருங்காய்ச்சலும் மலேரியாவும் வீடு வீடாக மனிதர்களைக் கொண்டுபோய்க்கொண்டிருந்த காலம் அது. எங்கள் பக்கத்திலிருந்து இளந்தம்பதியர் சிலர் மிஷனெரி ஊழியத்துக்காக அங்கே குடியிருந்தார்கள். அவர்களைப் போய்ப் பார்ப்பது, மருந்துகளும் புத்தகங்களும் கொண்டுசேர்ப்பது, பணித்தளத்துக் கணக்குவழக்கைச் சரிபார்ப்பது என் கணவரின் பொறுப்பு. வருஷத்தில் பாதிக்குமேல் அவர் வீட்டில் இருக்கமாட்டார்.

குடும்பமாகவே போயிருக்கலாமே என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அவருடைய அம்மாவுக்கு, என் அத்தைக்கு, முடக்குவாதம்; குச்சி ஊன்றித்தான் நடப்பார்கள். பாளையங்கோட்டையில் எனக்கு ஆசிரியர் வேலை. ஊழியர்களுக்கு மிஷனெரி சங்கம் கொடுக்கும் தொகை அவர் சாப்பாட்டுக்கும் பயணத்துக்குமே சரியாக இருந்தது. வாடகை, பள்ளிக் கட்டணம், அத்தையின் மருந்து எல்லாம் என் சம்பளத்தில்தான். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிவைத்து, மூன்று பேரும் உட்கார்ந்து ஜெபம்பண்ணி எடுத்த முடிவு அது. “அவன் போகட்டும். நாம இங்க இருந்து பாத்துக்குவோம்” என்று முதலில் சொன்னது அத்தைதான்.

அத்தைக்கு அது புதிய காரியமில்லை. திருநெல்வேலிச் சீமைக்கே புதிதில்லை. 1903-இல் இங்கே பிறந்த இந்திய மிஷனெரி சங்கம், வெளிநாட்டார் கையை எதிர்பாராமல், நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்று சொல்லித் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பியது. அதற்கு முன்னின்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா வெள்ளாளன்விளைக்காரர். 1909-இல் தாமே தோர்ணக்கலுக்குப் போனார். 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். மிஷனெரி ஞாயிறு வந்தால் எங்கள் பிரசங்க பீடத்தில் அவர் பெயர் சொல்லப்படாமல் இருக்காது. அவர் மனைவி அன்பு மரியம்மாளைப் பற்றி நான் பிரசங்கத்தில் கேட்டதில்லை. கிறிஸ்தவப் பெண்கள் கல்லூரிப் படியேறுவதே அபூர்வமாக இருந்த நாளில் படித்தவர்; ஆறு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே தோர்ணக்கல் பெண்கள் நடுவில் உழைத்தவர். அதை நான் புத்தகத்தில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அத்தை உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். மாசக் கடைசியில் அது கோவிலுக்குப் போகும். ஏலம் விட்ட காசு மிஷனெரிப் பணிக்கு. அவர்களுடைய அம்மா காலத்துப் பழக்கம். அரிசி விலை ஏறிய மாசங்களிலும் அந்தப் பிடி சிறுத்து நான் பார்த்ததில்லை. “பானையில அரிசி போட்ட வீடு, ஆளையும் போட்டா என்ன?” என்பார்கள்.

அவர் புறப்படுவதற்கு முந்தின இரண்டு நாளும் வீடு மணக்கும். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், கருவாடு. கருவாட்டை மட்டும் பழைய பால்பவுடர் டின்னில் அடைத்து, மூடியைச் சுற்றித் துணி கட்டி, மெழுகு ஊற்றி ஒட்டுவேன். இல்லாவிட்டால் நெல்லை எக்ஸ்பிரஸ் மதுரை தாண்டுமுன் பெட்டியே தெரிந்துகொள்ளும். இவற்றில் முக்கால்வாசி அவருக்கு இல்லை; மலையில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு. கொசுவலை, குளோரோக்வின் மாத்திரை, டார்ச் லைட், மலைவீடுகளில் இருக்கும் குழந்தைகளுக்கு ஸ்வெட்டர். எழும்பூரில் இறங்கி சென்ட்ரலுக்குப் போய் கோரமண்டலில் ஹவுரா, அங்கிருந்து பர்ஹர்வா வழியாக இன்னொரு ரயில், பிறகு ஜீப் கிடைத்தால் ஜீப், அதற்குமேல் நடை. போய்ச் சேர்ந்தாரா என்று எங்களுக்குத் தெரிய இரண்டு வாரம் ஆகும்.

இன்லண்ட் கடிதம்தான் எங்களுக்கு எல்லாம். அங்கே வாரச் சந்தைக்கு யாராவது மலையிறங்கினால் மொத்தமாகக் கொடுத்துவிடுவார். அவை முன்னும் பின்னுமாக வரும். அதனால் இடது மூலையில் எண் போட்டு எழுதுவது என்று பேசிக்கொண்டோம். நாலாம் நம்பரில் “இப்போது பரவாயில்லை” என்று இருக்கும். என்ன ஆகியிருந்தது என்று சொல்லும் மூன்றாம் நம்பர் அதற்கு அடுத்த வாரம் வரும். இடையிலுள்ள அந்த நாட்களில் சமைத்தேன், வகுப்பெடுத்தேன், விடைத்தாள் திருத்தினேன். செய்துகொண்டிருக்க வேலை இருந்தது எவ்வளவு பெரிய உதவி என்று அப்போதுதான் உணர்ந்தேன்.

அவசரத்துக்கு, நகராட்சியில் வேலைபார்த்த பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் போன். அதுதான் எங்கள் பி.பி. நம்பர். இரவு பதினொன்றுக்கு மேல் எஸ்.டி.டி. கட்டணம் கால்வாசி. அந்த நேரம் சாகிப்கஞ்ச் பூத்தில் வரிசையில் நின்று அவர் கூப்பிடுவார். அண்ணாச்சி வேட்டியை இறுக்கிக்கொண்டு வந்து எங்கள் ஜன்னலைத் தட்டுவார். “டீச்சர், சார் லைன்ல இருக்காங்க, ஓடியாங்க.” ஒருநாளும் அவர் முகம் சுளித்ததில்லை. தினமும் நெல்லையப்பர் கோவிலுக்குப் போய்விட்டுச் சாப்பிட உட்காருகிறவர் அவர். எங்கள் ஊழியத்தில் அவருக்கு என்ன பங்கு என்று கேட்டால் சிரித்திருப்பார். ஆனால் பங்கு உண்டு. அவர் ஜன்னலைத் தட்டிய சத்தத்தில்தான் அந்த வருஷங்களை நாங்கள் கடந்தோம்.

1992 நவம்பரில் தாமிரபரணியில் வெள்ளம் வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் கொட்டிய மழையில் அணைகள் நிரம்பி, திறந்துவிட்ட தண்ணீர் ஊருக்குள் புகுந்தது. நாங்கள் அப்போது கொக்கிரகுளத்தில், ஆற்றங்கரைப் பக்கம் குடியிருந்தோம். இருட்டில் முதலில் கேட்டது பாத்திரங்கள் ஒன்றோடொன்று முட்டும் சத்தம். எழுந்து காலைக் கீழே வைத்தால் கணுக்கால் அளவு தண்ணீர். விளக்கு இல்லை. அடுப்படியிலிருந்த பித்தளை அண்டா மிதந்து வந்து கட்டில் காலில் மோதியது. மகனைத் தோளில் போட்டுக்கொண்டேன். மகளிடம் அவள் அப்பாவின் கடிதக் கட்டும் ரேஷன் கார்டும் இருந்த தகரப்பெட்டியைக் கொடுத்தேன். அத்தையை எப்படித் தூக்குவது என்று நின்றபோது அண்ணாச்சியும் அவர் மகனும் வாசலில் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். ஒரு மர நாற்காலியில் அத்தையை உட்காரவைத்து இருவருமாகத் தூக்கினார்கள். அத்தை நாற்காலியின் கைகளைப் பிடித்தபடி, “பிள்ளைகள முதல்ல கொண்டுபோங்கய்யா, நான் இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.

மேட்டிலிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். எங்கள் ஆயர் ஐயா அண்டாவில் கஞ்சி கொண்டுவந்தார். போன் எல்லாம் செத்துப்போயிருந்தது. தந்தி ஆபீஸ் திறந்ததும் ‘எல்லோரும் நலம்’ என்று தந்தி கொடுத்தேன். அது மலையேறிச் சேருமுன்பே, சாகிப்கஞ்சில் யாரோ வாங்கிய பழைய செய்தித்தாளில் திருநெல்வேலி வெள்ளம் என்று அவர் படித்துவிட்டார். ஊருக்குக் கிளம்பிவிடுவதா என்று அன்று இரவு முழுதும் தூங்கவில்லை என்று பிறகு எழுதினார். அந்த வாரம் ஒரு மால்தோ ஊரில் காய்ச்சலில் கிடந்த ஐந்து வயதுப் பிள்ளையைச் சமவெளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வேலை அவர் தலையில் இருந்தது. அதை முடித்தபின்தான் ரயிலைப் பற்றி யோசிக்க முடிந்தது. பிள்ளை பிழைத்தது. அந்தக் கடிதத்தை வாசித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. அங்கே அவர் தூக்கியது யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளை; இங்கே எங்களைத் தூக்கியது யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளைகள். எனக்கு அந்தக் கணக்கு நேராகவே தெரிந்தது.

வீட்டுச் சேற்றை அள்ளி, சுவருக்கு வெள்ளை அடித்து முடிக்குமுன் டிசம்பர் 6 வந்தது. அயோத்தியில் மசூதி இடிக்கப்பட்ட செய்தி. அடுத்தடுத்த நாட்களில் வடக்கே பல நகரங்களில் கலவரம், ஊரடங்கு. அவர் அந்த வாரம்தான் மலையிலிருந்து இறங்கிக் கிளம்புவதாக எழுதியிருந்தார். எந்த ரயிலில் ஏறினார், ஏறினாரா, ஒன்றும் தெரியாது. காலையில் வானொலிச் செய்தி முடிந்ததும் பள்ளிக்கூடம், மாலையில் மறுபடியும் வானொலி. பிள்ளைகளுக்கு முன் முகத்தைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். இரவு குடும்ப ஜெபத்தில் அத்தைதான் ஜெபிப்பார்கள். எனக்குக் குரல் எழும்பாது. ஒரு விடியற்காலையில் தாடியும் அழுக்குச் சட்டையுமாக வாசலில் வந்து நின்றார். ஹவுராவில் நாள்கணக்கில் காத்துக் கிடந்திருக்கிறார். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் முறுக்கு சுடவில்லை. வெள்ளத்தில் மாவரைக்கும் கல்லைத் தவிர எல்லாம் போயிருந்தது. அண்ணாச்சி வீட்டிலிருந்து முந்திரிக்கொத்து வந்தது.

வெள்ளத்தையும் கலவரத்தையும் பற்றிப் பேசினால் எல்லாரும் கேட்பார்கள். வீட்டில் இருக்கிறவர்களுக்கு அதைவிடக் கடினமான ஒன்று உண்டு. அதை யாரும் கேட்பதில்லை. அது அவர் திரும்பி வரும் நாட்கள்.

அவர் இல்லாதபோது வீடு ஒரு ஒழுங்குக்கு வந்துவிடும். யார் எப்போது எழுந்திருப்பது, எந்தச் செலவு இந்த மாசம், எது அடுத்த மாசம், மகன் சாப்பிட மறுத்தால் எத்தனை தடவை கெஞ்சலாம், எப்போது தட்டை எடுத்துவிடலாம், எல்லாவற்றுக்கும் முறை உண்டு. திரும்பி வருகிறவருக்கு அந்த முறை தெரியாது. அவர் மனதில் இருப்பது அவர் விட்டுப்போன வீடு. பிள்ளைகளோ அதற்குள் ஒரு சட்டை அளவு வளர்ந்திருப்பார்கள்.

மகள் ஏழாம் வகுப்பு படிக்கும்போது பள்ளியில் குற்றாலத்துக்குச் சுற்றுலா போனார்கள். பெற்றோர் கையெழுத்து வாங்க வேண்டிய தாளை எடுத்துக்கொண்டு நேராக அடுப்படிக்கு வந்தாள். திண்ணையில்தான் அவள் அப்பா உட்கார்ந்திருந்தார். “அப்பாகிட்ட கேக்கலையா?” என்றார். அவள் மரியாதைக் குறைவாக ஒன்றும் சொல்லவில்லை. “நீங்க அதுக்குள்ள போயிருவீங்கல்லப்பா” என்றாள். அவர் ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மால்தோ மலையில் எத்தனையோ பிள்ளைகள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்ளும் மனிதர் அவர்.

அன்று இரவு வெகுநேரம் பேசினோம். ஊழியத்தை விட்டுவிடட்டுமா என்றுகூடக் கேட்டார். அது எனக்குத் தீர்வாகப் படவில்லை. வேறு சில காரியங்களை முடிவுசெய்தோம். ஒரு நாற்பது பக்க நோட்டு. அவர் இல்லாத நாட்களில் பிள்ளைகள் இருவரும் அதில் நினைத்ததை எழுதலாம், படம் வரையலாம். நான் அதைத் திறக்கக்கூடாது. அவர் வந்த முதல் இரவு, பெட்டியைக்கூடத் திறக்காமல், பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து வாசிப்பார். ‘இன்று விளையாட்டு விழாவில் மூன்றாவது வந்தேன். எல்லா அப்பாவும் வந்திருந்தார்கள்’ என்று மகன் எழுதிய பக்கமும் அதில் இருந்தது. அதையும் அவன் முன்னிலையிலேயே சத்தமாக வாசித்தார். “எல்லாரும் வந்திருந்தாங்களாலே?” என்று கேட்டு அவனை மடியில் இழுத்துக்கொண்டார். சாக்குச் சொல்லவில்லை. கர்த்தருடைய ஊழியம் என்று சொல்லிப் பிள்ளையின் வாயை அடைக்கவும் இல்லை. அது பெரிய காரியம். ‘ஆண்டவருக்காக அப்பா போயிருக்கிறார்’ என்று பதில் சொல்லி வளர்த்த பிள்ளைகள் சிலர், பின்னாளில் அந்த ஆண்டவர் மேலேயே கோபம் கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, வந்த முதல் வாரம் வெளியில் கூட்டம் கிடையாது. ஊழியர் ஊருக்கு வந்துவிட்டார் என்று தெரிந்தால் போதும். ஞாயிறு காலை சாட்சி, மாலை வாலிபர் கூட்டம், செவ்வாய் பெண்கள் ஐக்கியம், வெள்ளி உபவாச ஜெபம். வீட்டில் சாப்பிட உட்காருமுன் பெட்டி மறுபடி கட்டப்பட்டுவிடும். நான் ஆயர் ஐயாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். “ஐயா, ஒரு வாரம் அவங்கள எங்களுக்குக் கொடுங்க. அதுக்கப்புறம் நீங்க எடுத்துக்கோங்க.” அவர் எழுந்து நின்று, “சொல்லாம விட்டிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதும்மா” என்றார். அதன்பிறகு அந்த ஒரு வாரத்தை எங்கள் சபை தொட்டதில்லை.

ஒருமுறை வந்த மூன்றாம் நாளே அவருக்கு நடுக்கமும் காய்ச்சலும் கண்டது. இரண்டு போர்வை போட்டும் கட்டில் ஆடியது. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனேன். இளம் டாக்டரிடம், “ராஜ்மகால் மலையிலிருந்து வந்திருக்காங்க, அங்க மூளையைத் தாக்குற மலேரியா உண்டு, காய்ச்சல் இருக்கும்போதே ரத்தம் எடுத்துப் பாருங்க” என்றேன். கடிதம் கடிதமாக வாசித்து வாசித்து அந்த மலையின் நோய்கள் எனக்குப் பாடமாகியிருந்தன. ரத்தத்தில் கிருமி தெரிந்தது, குவினைன் ஏற்றினார்கள், பிழைத்தார். படுக்கையில் கிடந்தபடி அவர் சொன்னது: “அங்க இந்த டாக்டரும் இந்த ஊசியும் இல்லாமத்தான சாவுறாங்க.” எழுந்து நடமாடியதும் மறுபடி போனார். நான்தான் பொடி இடித்துக் கொடுத்தேன். அவர் படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, அவர் ஏன் போகிறார் என்பது முன்னைவிட எனக்கு நன்றாக விளங்கியிருந்தது.

1999 ஜனவரியில் ஒரிசாவின் மனோகர்பூரில் கிரஹாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரு பிள்ளைகளும் ஜீப்பில் வைத்து எரித்துக் கொல்லப்பட்டார்கள். பிலிப்புக்குப் பத்து வயது, தீமோத்தேயுவுக்கு ஆறு. அவர் மனைவி கிளாடிசும் மகள் எஸ்தரும் பாரிபதாவில் வீட்டில் இருந்தார்கள். நாடு முழுவதும் மனோகர்பூரைப் பற்றிப் பேசியது. ஊழியர்களின் மனைவிமாரான நாங்கள் செய்தி வந்த அன்று மாலை ஒரு வீட்டில் கூடியபோது எங்கள் நினைவெல்லாம் பாரிபதாவில் இருந்தது. கணவரும் மகன்களும் முகாமுக்குப் போயிருக்க, வீட்டில் இருந்த அந்தப் பெண்ணை எங்களுக்குத் தெரியும்; நாங்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு இரவும் பாதி அவளாக இருந்தவர்கள். கொன்றவர்களை மன்னித்துவிட்டதாகக் கிளாடிஸ் சொன்னார். 2004 வரை அங்கேயே இருந்து தொழுநோயாளிகள் இல்லத்தைத் தொடர்ந்து நடத்தினார். வீட்டில் இருக்கிறவர் ஊழியத்துக்குத் துணை என்று பேசுகிறவர்கள் அதை யோசிக்கவேண்டும். ஊழியர் போனபின் அந்த ஊழியமே கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் கையில்தான் நின்றது.

இன்று என் கணவர் ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறார். மகளும் மகனும் அவரோடு தினமும் போனில் பேசுகிறார்கள். அத்தை அவர் கையைப் பிடித்தபடி கண்மூடினார்கள். அந்தப் பாக்கியம் எல்லா ஊழியர் வீட்டுக்கும் கிடைப்பதில்லை. பணித்தளத்தில் இப்போது கைபேசி எடுக்கிறது. மனைவிமார் கடிதத்தின் மூலையில் எண் தேடுவதில்லை. ஆனாலும் இளம் ஊழியர் மனைவி ஒருத்தி போன மாசம் என்னிடம் சொன்னாள்: “அக்கா, வீடியோவுல தினமும் பாக்கிறோம். பிள்ளைக்குக் காய்ச்சல்னா ராத்திரி ஆஸ்பத்திரிக்கு நான்தான் தனியா ஓடுறேன்.” அந்த ஓட்டம் மாறவில்லை.

சபையாருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ஊழியரை அனுப்புகிற நாளில் அவர் தலைமேல் கைவைத்து ஜெபிக்கிறீர்கள். அவர் மனைவியையும் பிள்ளைகளையும் அருகில் நிறுத்தி, பெயர் சொல்லி ஜெபியுங்கள். அதோடு நிறுத்தாதீர்கள். ‘சார் எப்போ வாராங்க?’ என்று கோவில் வாசலில் கேட்பதற்குப் பதில், திங்கட்கிழமை அந்த வீட்டுக்குப் போங்கள். வண்டி இருக்கிறவர்கள் உங்கள் நம்பரை எழுதிக்கொடுத்து, ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடச் சொல்லுங்கள். பிள்ளையின் விளையாட்டு விழாவுக்கு அப்பா இல்லாவிட்டால் சபையிலிருந்து யாராவது போய்க் கைதட்டுங்கள். ஊழியர் திரும்பி வந்தால் முதல் வாரம் அவரை அவர் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். வெள்ளத்தில் நாற்காலியைத் தூக்கிய எங்கள் அண்ணாச்சிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பிடி அரிசி எடுத்துவைக்கத் தெரிந்த சபைகளுக்கும் இது முடியாத காரியமில்லை.